குடைவரையைப் பார்ப்பது எப்படி? கல்தச்சரின் வேலைமுறையைப் பாறையிலேயே படித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

கட்டுமானக் கோயில் ஒன்றைப் பார்க்கும்போது, கீழே அதிட்டானம் என்னும் அடித்தளம், அதன் மேல் சுவர், அதற்கும் மேலே விமானம் என்று கல் மேல் கல்லாக எழுந்த வரிசை நம் கண்ணுக்கு இயல்பாகவே பிடிபட்டுவிடுகிறது. பாறையைக் குடைந்தே உருவாக்கிய கோயிலான குடைவரையில் அந்த வரிசை தலைகீழாகிறது. தூண் என்று நாம் காண்பது, சுற்றிலும் இருந்த பாறையை அகற்றிய பிறகு எஞ்சி நிற்கும் பகுதி. வாயிற்காவலரின் மூக்கு நுனி, சுவரை வெட்டத் தொடங்கிய நாளிலேயே இவ்வளவு கனம் விட்டுவைக்க வேண்டும் என்று தலைமைத் தச்சர் கணித்து ஒதுக்கியது. ஆகவே குடைவரையை முறையாகப் பார்ப்பது என்றால், எது முதலில் வெட்டப்பட்டது, எது பின்னர் வெட்டப்பட்டது என்ற வரிசையைப் பாறையிலேயே தேடிக் கண்டுகொள்வதுதான்.

மாமல்லபுரம் செல்வோரில் பெரும்பாலோர் மகிடாசுரமர்த்தினி மண்டபத்தின் புடைப்புச் சிற்பங்களைக் கண்டு, படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அதே குன்றில் பாதியில் நின்றுபோன குடைவரைகள் பல இருக்கின்றன. அவற்றின் முன் யாரும் நிற்பதில்லை. முழுமை பெற்ற சிற்பம் தான் உருவான வழியைத் தானே அழித்துவிடுகிறது, கடைசி உளி முந்தைய உளிகளின் தடங்களைத் துடைத்துவிடுவதால். கைவேலையை அறிய விரும்புவோர் முடிவுறாத குடைவரைகளிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டியும் அந்த எண்ணத்தின் மேல்தான் அமைந்திருக்கிறது. தமிழகத்தின் பல்லவர் குடைவரைகளே இதன் களம். ஒப்பீட்டுக்குத் தேவைப்படும் இடங்களில் மட்டும் பிற பகுதிகள் வருகின்றன.

1. புறப்படும் முன்

எந்த வரிசையில் பார்ப்பது என்பதை முன்னரே முடிவு செய்துகொள்ளுங்கள். விழுப்புரம் மாவட்டத்தில், விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள மண்டகப்பட்டு முதலாவது. அதே வட்டாரத்தில் உள்ள தளவானூர் அடுத்தது. இவை இரண்டும் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவை, அதாவது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. அவற்றின் எளிய அமைப்பு மனத்தில் பதிந்த பிறகு மாமல்லபுரம் சென்றால், அங்கே எவையெல்லாம் புதிதாகச் சேர்ந்தன என்பது தெளிவாகத் தெரியும். வாய்ப்புள்ளவர்கள் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் மேல்குகையையும், தெற்கே கழுகுமலை வெட்டுவான் கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கையில் ஒரு டார்ச் விளக்கு, அளவு நாடா, கோடில்லாத குறிப்பேடு, பென்சில் ஆகியவை போதும். இவற்றுள் டார்ச் மிக இன்றியமையாதது. உளித்தடங்களைப் பார்க்க விளக்கைச் சுவருக்கு நேரே பிடிக்கக் கூடாது. சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால், ஒவ்வொரு சிறு குழிக்கும் ஒரு நிழல் விழுந்து, வெறும் கரடுமுரடாகத் தெரிந்த பரப்பு திடீரென்று ஒழுங்கான வரிசைகளாக விரியும்.

நேரத்தையும் இதே நோக்கில் தேர்ந்தெடுக்க வேண்டும். கிழக்கு நோக்கிய குடைவரைக்குள் காலை வெயில் நேராகப் புகுவதால் உட்புறத்தைப் பார்க்க அது உகந்த நேரம். ஆனால் முகப்பில் உள்ள தடங்களைப் பார்க்க, வெயில் ஏறி, முகப்பு நிழலுக்குள் போவதற்குச் சற்று முந்தைய நேரமே சிறந்தது. அப்போதுதான் ஒளி மேலிருந்து சரிவாக வழிந்து இறங்கும். மாமல்லபுரத்தில் பஞ்சபாண்டவர் மண்டபமும் மகிடாசுரமர்த்தினி மண்டபமும் கிழக்கு நோக்கியவை; குன்றின் மறுபுறத்தில் உள்ள கோனேரி மண்டபமும் அதன் அருகில் இருப்பவையும் மேற்கு நோக்கியவை. எனவே காலையில் ஒரு பக்கம், பிற்பகலில் மறுபக்கம் என்று ஒரே நாளில் இரண்டையும் நல்ல ஒளியில் பார்த்துவிட முடியும்.

2. கோயிலுக்கு முன் பாறையைப் பாருங்கள்

குடைவரையை நெருங்கியதும் உள்ளே சென்றுவிடாமல், முழுப் பாறையும் கண்ணில் படும் தொலைவில் நின்று, இந்தப் பாறையில் ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பாறையில் ஓடும் விரிசல்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன, மழைநீர் வழிந்த கறுப்புத் தடங்கள் எந்தப் பக்கம் இறங்குகின்றன, முகப்புக்கு மேலே எவ்வளவு கனப் பாறை மிச்சமிருக்கிறது என்பனவற்றைக் கவனித்தால், தலைமைத் தச்சர் முதல் நாளில் என்ன யோசித்திருப்பார் என்பது ஓரளவு விளங்கும். மலைச்சரிவுதான் வேண்டும் என்பதும் இல்லை. மகேந்திரவாடியில் சமதரையில் தனித்துக் கிடந்த ஒரு பெரும்பாறையையே குடைந்து, மகேந்திர விஷ்ணுகிருகம் என்ற திருமால் கோயிலை அமைத்தார்கள்.

விரிசலைத் தவிர்ப்பது ஒரு வழி என்றால், அதையே பயன்படுத்திக்கொள்வது இன்னொரு வழி. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்றும் அழைக்கப்படும் பெருந்தவச் சிற்பத்தொகுதியின் நடுவே மேலிருந்து கீழாக இறங்கும் இயற்கைப் பிளவில் நாகர்களைச் செதுக்கி, அதை ஆற்றின் போக்காக்கிவிட்டார்கள். மேலே நீர் தேக்குவதற்கான அமைப்பும் இருந்தது. கல்லில் உள்ள குறை என்று வேறொருவர் ஒதுக்கியிருக்கக்கூடிய இடத்தை மொத்தக் காட்சிக்கும் நடுநாயகமாக மாற்றிய அந்த முடிவு, இந்தக் கலையில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே மிகத் துணிவானது என்று நான் கருதுகிறேன்.

கல்லின் வகை அடுத்து வருகிறது. அஜந்தா, எல்லோரா குகைகள் தக்காணத்து எரிமலைக் கல்லில் வெட்டப்பட்டவை. பாதாமியின் குகைகள் மணற்கல்லில் ஆனவை; அங்குள்ள மூன்றாம் குகையின் கல்வெட்டு பொது ஆண்டு 578ஐச் சேர்ந்தது. மணற்கல்லிலும் கடினமான குவார்ட்சு மணிகள் உண்டு என்றாலும், அவை ஒன்றோடொன்று இறுகப் பிணையாததால் பட்டை உளியால் சீவியெடுக்க முடிகிறது. தமிழகத்தின் வடபகுதியான தொண்டை நாட்டுக் கருங்கல்லோ படிகங்கள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொண்டு உறைந்த கல். இதைச் சீவ முடியாது; கூர்முனை உளியை ஏறக்குறைய நேர்க்குத்தாக வைத்து அடித்துப் படிகங்களை நொறுக்கித்தான் எடுக்க வேண்டும். பல்லவர் குடைவரைகள் அளவில் சிறியனவாகவும், அஜந்தாவைப் போல் மலையின் வயிற்றுக்குள் ஆழமாகச் செல்லாதனவாகவும் இருப்பதற்கு இதுவே முதற்காரணம். எல்லோராவைப் பார்த்துவிட்டு வந்து மண்டகப்பட்டைச் சிறியது என்று எடைபோடுவோர் கல்லின் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

3. மண்டகப்பட்டில் நின்று தொடக்கத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

பாறையில் கை வைப்பது தமிழகத்துக்குப் பல்லவர் காலத்தில்தான் வந்தது என்று எண்ண வேண்டியதில்லை. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே, இயற்கைக் குகைத்தளங்களில் துறவியருக்காகக் கற்படுக்கைகளை வெட்டிச் சமப்படுத்தினார்கள். மழைநீர் உள்ளே வழியாதபடி குகையின் நெற்றியில் நீண்ட காடியும் வெட்டினார்கள். மதுரைக்கு அருகில் உள்ள மாங்குளத்தில், பொது ஆண்டுக்கு முந்தைய 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, கணி நந்தன் என்னும் துறவிக்கு நெடுஞ்செழியனைச் சார்ந்தோர் பள்ளி என்னும் உறைவிடத்தை வெட்டுவித்ததைச் சொல்கிறது. ஆனால் அவை இயற்கை தந்த வெளியைத் திருத்தியமைத்தவை. திண்ணிய பாறைக்குள் இல்லாத வெளியை உண்டாக்குவது வேறு வேலை.

அந்த வேலையைத் தான் செய்வித்த பெருமிதம் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் ஒலிக்கிறது. செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுதை இன்றி, பிரமன், ஈசுவரன், திருமால் ஆகியோருக்கு விசித்திரசித்தன் என்னும் அரசன் இலட்சிதாயதனம் என்னும் இந்தக் கோயிலை உருவாக்கினான் என்று அந்த வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரவர்மனின் விருதுப்பெயர். உலோகம் இன்றி என்றது ஆணியும் பட்டையும் போன்ற கட்டுமானப் பொருளைத்தான். பாறையைக் குடைந்த உளிகள் இரும்பால் ஆனவையே.

இந்த வரிகளை மனத்தில் வைத்துக்கொண்டு முகப்பைப் பாருங்கள். நடுவே கனத்த தூண்கள். இரு கோடிகளிலும் மாடங்களில் வாயிற்காவலர். உட்புறப் பின்சுவரில் மூன்று கருவறைகள். தூண்களுக்கு மேலே பாறையின் நெற்றி பெரிதும் அணிசெய்யப்படாமல் நிற்கிறது. பின்னாளில் அதே நெற்றியில் கபோதம் என்னும் வளைந்த கூரைவிளிம்பும், அதன் மேல் கூடு என்னும் வளைவுகளும் வருகின்றன. தளவானூரில் சத்ருமல்லேசுவராலயம் என்று பெயர் பெற்ற குடைவரையின் முகப்பில் தூண்களுக்கிடையே மகரதோரணம் என்னும் அலங்கார வளைவு ஒன்று தொங்குவது போல் செதுக்கப்பட்டிருப்பதைக் கண்டால், அரசன் ஒருவனின் காலத்துக்குள்ளேயே தச்சர்களின் துணிவு எவ்வளவு வளர்ந்தது என்பது புலனாகும்.

4. முடிவுறாத குடைவரையில் வெட்டும் முறையைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி இதுவே. மாமல்லபுரத்தில் இதற்கென்றே அரை நாள் ஒதுக்குங்கள். கோனேரி மண்டபத்தின் அருகில் புலிப்புடர் என்று அழைக்கப்படும் முடிவுறாத குடைவரையும், அதை அடுத்து இன்னொன்றும் உள்ளன. இவற்றில் கீழ்க்கண்ட கட்டங்களைக் கண்ணால் காணலாம்.

முதற்கட்டம் முகத்தை நேராக்குவது. சரிந்து கிடக்கும் பாறையில் முன்னோக்கிப் புடைத்த பகுதிகளை அகற்றி, ஏறக்குறையச் செங்குத்தான ஒரு பரப்பை உண்டாக்க வேண்டும். பாறை எந்த அளவு சரிந்திருக்கிறதோ அந்த அளவுக்குக் கீழே முன்றில் நீளும்; மேலே நெற்றி பின்வாங்கும். குடைவரையின் இரு பக்கங்களிலும் முன்னோக்கி நீளும் வெட்டுச் சுவர்களைப் பார்த்தால், முகப்பு எவ்வளவு ஆழத்தில் தொடங்குகிறது என்பதையும், அதற்கு முன் எவ்வளவு பாறை போயிற்று என்பதையும் கணக்கிடலாம்.

அடுத்து குறியிடல். நேராக்கிய முகத்தில் தூண்கள் எங்கே, இடைவெளிகள் எங்கே, உத்திரத்தின் கீழ்விளிம்பு எங்கே என்று கோடிட வேண்டும். காவி தோய்த்த நூலை இழுத்துத் தெறித்துக் கோடு போடும் வழக்கம் கல்வேலையில் நெடுங்காலமாக உண்டு. குறித்த கோட்டுக்கு நேர் வரை யாரும் வெட்டுவதில்லை. தூண் இறுதியில் இருக்க வேண்டிய கனத்தைவிடக் கூடுதலாகப் பாறையை விட்டுவைத்துத்தான் சுற்றிலும் உள்ளே போவார்கள். முடிவுறாத குடைவரைகளின் தூண்கள் பருத்து, வடிவமின்றி நிற்பது இதனால்தான். அந்தக் கூடுதல் கனம் பிற்காலத் திருத்தங்களுக்கான காப்பு.

மூன்றாவதாக, எல்லாவற்றிலும் கூர்ந்து பார்க்க வேண்டியது, பாறையை அகற்றிய முறை. அகற்ற வேண்டிய பரப்பைச் சதுரங்களாகப் பிரித்து, சதுரங்களுக்கிடையே உள்ள கோடுகளை ஆழமான காடிகளாக வெட்டிக்கொண்டே போகிறார்கள். காடிகள் போதிய ஆழம் அடைந்ததும், நாற்புறமும் பிரிக்கப்பட்டுப் பின்பக்கம் மட்டும் பாறையோடு ஒட்டி நிற்கும் கட்டிகள் எஞ்சுகின்றன. அவற்றை அடித்துப் பெயர்த்தெடுத்தால் பரப்பு ஓரடுக்கு உள்ளே போய்விடும். பிறகு மீண்டும் காடிகள், மீண்டும் கட்டிகள். முழுப் பரப்பையும் உளியால் பொடித்து எடுப்பதோடு ஒப்பிட்டால், காடிக்குத் தேவைப்படும் அளவு மட்டுமே பொடியாகிறது. மிச்சம் கட்டியாகப் பெயர்கிறது. உழைப்பில் இது பெரும் மிச்சம். முடிவுறாத சுவர்களில் இந்தக் கட்டிகள் இன்றும் பெயர்க்கப்படாமல் வரிசையாகப் புடைத்து நிற்கின்றன. அருகே சென்று ஒரு காடியின் உட்புறத்தில் டார்ச்சை அடித்துப் பாருங்கள்: உளி எந்தத் திசையிலிருந்து இறங்கியது என்பது சாய்வான தடங்களாகத் தெரியும். கட்டி பெயர்ந்த இடத்திலோ உளித்தடம் இருக்காது. உடைந்த கல்லின் இயல்பான கரட்டுப் பரப்பே இருக்கும். இந்த இரண்டையும் வேறுபடுத்தி அறியப் பழகிவிட்டால், எந்தக் குடைவரையிலும் எது வெட்டப்பட்டது, எது பெயர்க்கப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

நான்காவதாக, வேலை சென்ற திசை. மேலிருந்து கீழும், முன்னிருந்து பின்னும் என்பதே பொது விதி. கூரையை முதலில் முடித்துவிட்டால், தச்சர் நின்று வேலை செய்யும் பாறையே தளமாக உதவுகிறது; தளம் இறங்க இறங்கச் சுவரும் தூணும் வெளிப்படுகின்றன. சாரம் கட்டும் தேவை பெரும்பாலும் எழுவதில்லை, மேலிருந்து விழும் கல் முடிந்த வேலையைச் சிதைப்பதும் இல்லை. ஆகவே முடிவுறாத குடைவரையில் கூரை ஓரளவு ஒழுங்காகவும், தரை மேடுபள்ளமாகவும் இருந்தால் வியப்பதற்கில்லை.

இதே குன்றின் கிழக்குப் பக்கத்தில், பெருந்தவச் சிற்பத்துக்கு அருகில் உள்ள பஞ்சபாண்டவர் மண்டபத்துக்கு இப்போது செல்லுங்கள். முகப்புத் தூண்கள் அடியில் அமர்ந்த சிங்கங்களோடு நல்ல வடிவம் பெற்றிருக்கின்றன. உள்ளே சென்றால், நடுவே கருவறைக்கான பாறையை விட்டுவைத்து அதைச் சுற்றி வலம்வரும் பாதை குடையத் தொடங்கியதும், அது பாதியில் நின்றுபோனதும் தெரியும். முன்னால் நுண்வேலை ஏறக்குறைய முடிந்திருக்க, பின்னால் பாறை இன்னும் அகற்றப்படாமல் இருக்கிறது. இதிலிருந்து ஒன்றை ஊகிக்கலாம். குடைபவர்கள் முழுவதையும் குடைந்து முடித்த பிறகுதான் சிற்பிகள் வந்தார்கள் என்றில்லை. குடைபவர்கள் உள்ளே நகர நகர, வடிவம் தருபவர்கள் பின்தொடர்ந்து வந்தார்கள். குறுகிய வெளியில் பலர் ஒருவரையொருவர் இடிக்காமல் வேலை செய்ய இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

எவ்வளவு கல் வெளியேறியது என்பதையும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் ஆழம், 2.5 மீட்டர் உயரம் கொண்ட ஒரு சிறு குடைவரையை எடுத்துக்கொண்டால் அதன் கொள்ளளவு 60 கன மீட்டர். கருங்கல்லின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன். தூண்களைக் கழித்தாலும் 150 டன்னுக்குக் குறையாத கல், கட்டியாகவும் சில்லாகவும் பொடியாகவும் அந்த முகப்பு வழியாகவே வெளியே சுமக்கப்பட்டிருக்கிறது. உளி பிடித்தவர்களோடு சுமந்தவர்களையும் கணக்கில் சேர்த்தால்தான் ஒரு குடைவரையின் உழைப்பு முழுமையாகும்.

5. உளித்தடத்திலிருந்து உளிக்கும், உளியிலிருந்து கொல்லருக்கும்

முடிந்த பரப்புகளில், புதிதாகப் பொளிந்த அம்மியின் மேல் காண்பது போன்ற நெருக்கமான புள்ளிகள் தெரிந்தால், அது கூர்முனை உளியின் வேலை. புள்ளிகளின் இடைவெளியை நாடாவால் அளந்து பாருங்கள். முரட்டு வேலை நடந்த இடத்தில் குழிகள் ஆழமாகவும் தள்ளித் தள்ளியும் இருக்கும். முகம், விரல், அணிகலன் ஆகியவற்றை நெருங்கும்போது அவை சிறுத்து நெருங்கி, ஒரு கட்டத்தில் கண்ணுக்கே தெரியாமல் போகும். அதற்கும் அடுத்த நிலை தேய்ப்பது. பீகாரில் உள்ள பராபர் குகைகளில், அசோகர் காலத்திலேயே, கருங்கல் சுவர்களைக் கண்ணாடி போலத் தேய்த்திருக்கிறார்கள். பல்லவ தச்சர்கள் அந்தப் பளபளப்பை நாடவில்லை.

கருங்கல்லில் உளி விரைவில் மழுங்கிவிடும். மழுங்கிய உளி கல்லை நொறுக்காது, வெறுமனே அதிர வைக்கும். அந்த அதிர்வு வேண்டாத இடத்தில் விரிசலை உண்டாக்கலாம். எனவே குடைவரை வேலை நடக்கும் இடத்தில் கொல்லுலை ஒன்று இயங்கிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். உளி முனையைக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, துவைச்சல் போட்டு, அதாவது காய்ந்த முனையை நீரில் தோய்த்துக் கடினமாக்கித் திருப்பித் தருவது கொல்லரின் வேலை. துவைச்சல் மிகுந்தால் முனை சில்லாக உடையும், குறைந்தால் மடங்கும். கல்லின் கடினத்துக்கேற்ப இதைப் பிடிப்பது தனித் திறமை. சங்க காலத்திலேயே கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கப்பட்டதை அகழாய்வுகள் காட்டியிருக்கின்றன. குடைவரைகள் தோன்றுவதற்கு முன்பே தமிழகத்துக் கொல்லர்கள் அந்தத் திறமையைப் பெற்றிருந்தார்கள்.

இதற்குச் சான்று வேண்டுவோர் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரிக்குச் செல்லலாம். நொண்டி வீரப்பன் தொட்டி என்று ஊரார் அழைக்கும் பாறையில் சில பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன: கேவாத பெருந்தச்சன், குணமல்லன், சாதமுக்கியன் முதலியோர். இவர்கள் மாமல்லபுரத்தில் வேலை செய்த தச்சர்களாக இருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. அந்தப் பட்டியலில் கொல்லன் சேமகன் என்ற பெயரும் இருக்கிறது. மன்னர்களின் விருதுப்பெயர்கள் குடைவரைத் தூண்களில் வரிவரியாக நிறைந்திருக்க, வேலை செய்தவர்களின் பெயர்கள் ஊருக்கு வெளியே ஒரு பாறையில் இருக்கின்றன. அவர்கள் தங்களோடு கொல்லனையும் ஒருவனாகச் சேர்த்தே எண்ணியிருக்கிறார்கள்.

6. ஆப்புக் குழிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்

மாமல்லபுரத்துப் பாறைகளில் ஒரே கோட்டில் வரிசையாக வெட்டிய சிறு குழிகளைக் காணலாம். காய்ந்த மர ஆப்புகளை அறைந்து நீர் ஊற்றினால் அவை ஊறிப் பருத்துப் பாறையைப் பிளக்கும் என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. பாறையைப் பிளந்து பலகைக்கல் எடுக்க அது உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் குடைவரைக்குள், நான்கு அடிக்கு அப்பால் தூண் நிற்கும் இடத்தில், பிளவு எங்கே போய் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாத ஒரு முறையைக் கையாள்வது ஆபத்தானது. மேலும் இந்தக் குழிகளில் பல, பிற்காலத்தில் கல் உடைத்தவர்கள் விட்டுச்சென்றவை. குழி வரிசை ஒன்று சிற்ப வேலையைக் குறுக்கே வெட்டிச் சென்றால் அது சிற்பத்துக்குப் பிந்தியது என்று தயங்காமல் குறித்துக்கொள்ளலாம்.

7. ஒரு தூணை முழுமையாகப் பாருங்கள்

பல தூண்களை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட, ஒன்றைத் தேர்ந்து அடியிலிருந்து முடிவரை பார்ப்பது பயன் தரும். மகேந்திரன் காலத் தூண் கீழே சதுரம், நடுவே எட்டுப்பட்டைக் கட்டு, மேலே மீண்டும் சதுரம் என்ற அமைப்புடையது. சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 2 அடி இருக்கும். சதுரத்திலிருந்து எண்பட்டை எப்படி வந்தது என்பதை அளந்தே அறியலாம். 24 அங்குலப் பக்கமுள்ள தூணில், ஒவ்வொரு மூலையிலிருந்தும் இருபுறமும் 7 அங்குலம் குறித்து, அந்த இரு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டுக்கு வெளியே உள்ள முக்கோணத்தை நீக்கினால், நடுவில் 10 அங்குலப் பட்டையும் மூலையில் ஏறக்குறைய அதே அகலப் பட்டையும் கிடைக்கும், எட்டும் சமமாகிவிடும். தூணின் எட்டுப் பட்டைகளையும் நாடாவால் அளந்து, எது மற்றவற்றிலிருந்து விலகுகிறது என்று பாருங்கள். முகப்பை நோக்கிய பட்டைகளுக்கும் இருளை நோக்கிய பட்டைகளுக்கும் உள்ள வேறுபாடு, வேலையில் எங்கே கவனம் கூடியது என்பதைக் காட்டும்.

தூணின் மேல் போதிகை, அதன் மேல் உத்திரம். இவை மரக் கட்டடத்தின் உறுப்புகள். மரத்தூணின் உச்சியில் உத்திரத்தைத் தாங்க வைக்கும் குறுக்குக் கட்டைதான் போதிகை. ஒரே பாறையில் அதற்குத் தாங்கும் வேலை தனியாக எதுவும் இல்லை. ஆயினும் தச்சர்கள் அதை விடாமல் செதுக்கினார்கள். வளைந்து ஏறும் அடிப்பகுதியும், சில இடங்களில் அலைகளாக மடிந்த தரங்கமும், நடுவே ஓடும் பட்டையும் என்று வேறுபடும் போதிகையின் வடிவத்தை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். காலத்தை மதிப்பிட அது பெரிதும் உதவும். மாமல்லபுரத்தில் தூண் மெலிந்து உயர்ந்து, அடியில் சிங்கம் வந்து அமர்கிறது. கருங்கல்லில் தூணை மெலிதாக்குவது என்பது, சுற்றிலும் கூடுதலாகக் குடைந்தும் நடுவில் நிற்பது உடையாது என்ற நம்பிக்கை கைக்கு வந்துவிட்டதன் அடையாளம்.

8. கருவறைக்குள்

மகேந்திரன் காலக் கருவறைகள் பலவற்றில் பின்சுவர் வெறுமையாக இருக்கும். அங்கே வண்ணத்தாலோ சுதையாலோ மரத்தாலோ ஆன திருவுருவம் இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். ஆகவே அந்தச் சுவரில் குழிகள் உண்டா, தரையில் பீடத்துக்கான பள்ளம் உண்டா, நீர் வெளியேற வாய்க்கால் உண்டா என்று பாருங்கள். சுவரிலும் கூரையிலும் வெள்ளைச் சாந்தின் திட்டுகளும் நிறத்தின் எச்சங்களும் இருக்கக்கூடும். மாமண்டூரில் அத்தகைய எச்சங்கள் உண்டு. சித்தன்னவாசலின் அறிவர் கோயிலில், பாண்டியர் காலத்து ஓவியங்கள் தாமரைக் குளமாகக் கூரையில் இன்றும் விளங்குகின்றன. இன்று சாம்பல் நிறக் கல்லாக நிற்கும் பல குடைவரைகள் ஒரு காலத்தில் வண்ணம் பூசி நின்றவை என்பதை மறவாமல் இருப்பது நல்லது.

கருவறை எந்தத் திசையை நோக்குகிறது என்பதையும் தவறாமல் குறியுங்கள். திருச்சிராப்பள்ளி மேல்குகையின் முகப்பு தெற்கு நோக்கியது. ஆனால் கருவறை உள்ளே கிழக்குப் பக்கத்தில் அமைந்து மேற்கு நோக்குகிறது. அதற்கு எதிர்ச்சுவரில் கங்கையைச் சடையில் ஏற்கும் சிவனான கங்காதரர் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. பாறை அனுமதித்த திசை ஒன்று, வழிபாடு வேண்டிய திசை இன்னொன்று. இரண்டையும் உள்ளமைப்பில் இணக்கியிருக்கிறார்கள்.

9. ஒற்றைக்கல் கோயில்களில் வரிசையைச் சோதித்துப் பாருங்கள்

இதுவரை கற்றதைச் சோதிக்க, மாமல்லபுரத்தில் தனிப்பாறைகளைக் கோயில் வடிவில் செதுக்கிய ஐந்து ரதங்களுக்குச் செல்லுங்கள். தர்மராஜ ரதம் மூன்று தளங்கள் கொண்டது. உச்சித் தளத்தின் கருவறை முழுமை பெற்று, உள்ளே சிவன், உமை, கந்தன் மூவரும் சேர்ந்த சோமாஸ்கந்தர் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. கீழ்த்தளத்திலோ குடையும் வேலை முடிவடையவில்லை. பீம ரதத்தின் அடிப்பகுதியும் அவ்வாறே. வேலை மேலிருந்து கீழே இறங்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கழுகுமலை வெட்டுவான் கோயில் இதே உண்மையை இன்னும் பெரிய அளவில் காட்டுகிறது. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இந்தப் பாண்டியர் கோயிலுக்காக, மலைச்சரிவில் மூன்று பக்கமும் அகழி போல் வெட்டி, நடுவில் ஒரு பெரும் பாறையைப் பிரித்தெடுத்து, அதன் உச்சியிலிருந்து சிகரம், அதன் கீழுள்ள கழுத்தான கிரீவம், கூடுகள், சாலைகள் என்னும் நீள்கூரைச் சிறு மாடங்கள் என்று செதுக்கி இறங்கியிருக்கிறார்கள். மேலே மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி முழு அழகோடு வீற்றிருக்க, கீழே அதிட்டானம் வடிவம் பெறவே இல்லை. சுற்றிலும் உள்ள அகழியின் சுவர்களைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள். அவற்றில் உள்ள உளித்தடங்கள் திருத்தப்படாத முரட்டுத் தடங்கள்.

10. கல்வெட்டும் காலமும்

கல்வெட்டுகளைத் தூண்களின் சதுரங்களிலும், சுவர்களிலும், முகப்பின் பக்கங்களிலும் தேடுங்கள். வடமொழியை எழுதப் பயன்பட்ட பல்லவ கிரந்த எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும், எழுத்து எந்தப் பரப்பில் இருக்கிறது என்பதைக் கவனிப்பதே பயன் தரும். முழுமையாகச் சீராக்கிய பரப்பில் பொறித்த எழுத்து, வேலை முடிந்த பிறகே பொறிக்கப்பட்டிருக்கும். சாளுவன்குப்பத்தில் உள்ள அதிரணசண்ட மண்டபத்தில் கிரந்தத்திலும் நாகரியிலுமாக இரு எழுத்துவகைகளில் கல்வெட்டுகள் இருப்பதைக் காணலாம்.

மாமல்லபுரத்தின் காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. மாமல்லனான முதலாம் நரசிம்மவர்மன் தொடங்கிப் பல தலைமுறைகளாக வேலை நடந்தது என்பது ஒரு தரப்பு. பெரும்பாலும் எல்லாமே இராஜசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தவை என்று 1962இல் இரா. நாகசாமி வாதிட்டார். அத்யந்தகாமன் போன்ற விருதுப்பெயர்கள் யாருக்கு உரியவை என்பதே இந்த விவாதத்தின் மையம். நேரில் பார்க்கும்போது எந்தத் தரப்பையும் முன்கூட்டியே ஏற்காமல், தூண், போதிகை, கூடு ஆகியவற்றின் வடிவங்களைக் குறித்துக்கொண்டு வந்து, பிறகு இரு தரப்பையும் படிப்பதே சரியான முறை.

11. செய்யக் கூடாதவை

எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் பூசாதீர்கள். எண்ணெயும் திருநீறும் படிந்த இடங்களில் உளித்தடம் அடைபட்டுப்போகிறது. நுண்வேலைப் பகுதிகளைக் கையால் தடவாதீர்கள். அளவு நாடாவின் உலோக முனையைக் கல்லில் இழுக்காமல், துணி நாடாவைப் பயன்படுத்துங்கள். வழிபாட்டில் உள்ள குடைவரைகளில், மாமல்லபுரத்து ஆதிவராகர் கோயிலைப் போல, அர்ச்சகரின் அனுமதியைப் பெற்று, பூசை நேரம் தவிர்த்துப் பாருங்கள். அங்கே அளவெடுப்பதும் டார்ச் அடிப்பதும் அவர் இசைந்தால் மட்டுமே.